ஜோகூரில் லாரி ஓட்டுகிறவர்

பிள்ளைகளைப் பிடிக்காது என்று ஒரு பெண் சொன்னால் ஊரே அடிக்க வரும். வரட்டும். கையில் டேப்லெட்டோடு எங்கள் தேக்கா கடைத்தெருவுக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது. பஃப்ளோ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு வெளியே, அஞ்சடிப் பாதையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள் நான். பெயர் அமலா. என் மெஷினுக்கும் பக்கத்துப் பூ மேசைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம். அந்த இடத்தில் ஒரு வகுப்பே வந்து நின்று, தரையில் கிடக்கும் துணியை மிதித்துக்கொண்டு, “ஆன்டி, வாட் இஸ் திஸ்?” என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? கத்தரிக்கோலை ஒளித்து வைப்பேன். பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து இல்லை, என்மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது.

பக்கத்துப் பூ மேசை முத்தாயியுடையது. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. அவளும் ஒன்றும் நல்லவள் இல்லை. என் மின்விசிறியைத் தன் பூப்பக்கம் திருப்புவாள். பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரில் பாதி என் துணிமேல் விழும். கேட்டால், “பட்டுத்துணியா தைக்கிற? காஞ்சா சரியாப் போவுது” என்பாள். நெற்றியில் அகலமாகக் குங்குமம், தலையில் எப்போதும் மல்லிகை, காலில் மெட்டி. கல்யாண மாலை கட்டுவதில் இந்தத் தெருவில் அவளை அடிக்க ஆள் இல்லை. ரோஜாவும் சம்பங்கியும் வைத்து ஜோடி மாலை கட்டினாள் என்றால் மறுநாள் மத்தியானம் வரை ஒரு இதழ் உதிராது. இதை அவள் காதுபட நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

அவள் வந்த புதிதில் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. மேசையை என் பக்கம் நகர்த்திவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். “உன்கிட்ட என்ன பேச்சு, உன் புருஷனை வரச்சொல்லு, அவருகிட்ட பேசிக்கிறேன்” என்றேன்.

“மண்டாய்க்குப் போய்ப் பேசு” என்றாள்.

மண்டாயில்தான் நாங்கள் பிணம் எரிக்கிறோம். அப்புறம் அவளே சொன்னாள். கோவிந்தசாமி என்று பெயர். லாரி ஓட்டியவர். பாலம் தாண்டி அடுத்த நாட்டு ஜோகூருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போய்வருவார். ஒருநாள் சிக்னலில் லாரியை நிறுத்தினார், பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே வந்து கதவைத் திறந்து பார்த்தபோது உயிர் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. அப்போது முத்தாயி பிடோக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாருக்கும் விஷயம் தெரியும். பூ கட்டத் தெரியும் என்று தேக்காவுக்கு வந்தாள், இங்கே யாருக்கும் தெரியாது.

வந்த வாரமே ஒரு அம்மாள் கல்யாண மாலை விலை கேட்க வந்தாள். நம் ஆட்களுக்குப் பூவைப் பார்ப்பதற்கு முன்னால் பூக்காரியின் நெற்றியைப் பார்க்கவேண்டும். “வீட்டுக்காரரு என்ன பண்றாரு?” என்று கேட்டாளாம். “ஜோகூர்ல லாரி ஓட்டுறாரு” என்று முத்தாயி வாயில் வந்துவிட்டது. வாய்தவறி வந்ததா, வேண்டுமென்றே வந்ததா, நான் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த ஆர்டர் கிடைத்தது. அதிலிருந்து கோவிந்தசாமி ஜோகூரில் லாரி ஓட்டிக்கொண்டே இருந்தார்.

சும்மா ஓட்டினாரா? நாளாக நாளாக அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. மூட்டு வலி வந்தது. கஞ்சத்தனமும் வந்தது. வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது முத்தாயி போனைக் காதில் வைப்பாள். “ஏய்யா, சாப்பிட்டியா? நாசி லெமாக் தின்னாத, சுகர் ஏறும். பாலத்துல ஜாமா? இருக்கட்டும், அவசரப்பட்டு ஓட்டாத.” மாலை வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். “வீட்டுக்காரரா? குடுத்து வச்சவருலா!” என்பார்கள். மறுமுனையில் ஒருத்தரும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். நான் மாதா கோயில்காரி. எங்கள் கோயிலில் புருஷன் போனவளும் பீடத்துக்குப் பூ வைக்கலாம். அதற்காக எங்கள் ஆட்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை, எங்களுக்கு வேறு பைத்தியங்கள் உண்டு. ஆனால் இந்த நெற்றி பார்க்கிற பைத்தியத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் அவள் பிழைப்பு, நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வாடிக்கையாளர் யாருமே இல்லாத மத்தியான நேரத்திலும் அவள் போனைக் காதில் வைத்துப் பேசுவாள். குரலைத் தாழ்த்தி, நார் கிழித்துக்கொண்டே, மளிகைக் கடைக்காரன் வாடகை கேட்டதையும், நான் விசிறியைத் திருப்பிக்கொண்டதையும் கோள் மூட்டுவாள். அப்போது நான் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

இப்போது பள்ளிக்கூடக்காரர்களுக்கு வருகிறேன். செங்காங்கில் ஏதோ ஒரு தொடக்கப்பள்ளி. மோகனப்பிரியா என்று ஒரு ஆசிரியை. தொடக்கநிலை நான்குக்கு சோஷியல் ஸ்டடீஸ் எடுக்கிறவள். சின்ன வயது, ஓயாத சிரிப்பு, காலில் வெள்ளைச் சப்பாத்து. “ஆன்டி, எங்க கிளாஸுக்கு ஒரு வெப்சைட் இருக்கு. இந்தத் தெருவோட மேப் போட்டிருக்கோம். ஒவ்வொரு கடையையும் தொட்டா அந்தக் கடைக்காரங்க கதை வரும். பிள்ளைங்களே பேட்டி எடுத்து, பிள்ளைங்களே டைப் பண்ணுவாங்க. உங்களை ஒரு போட்டோ எடுக்கலாமா?” என்றாள். என்னிடமும் கேட்டாள், நான் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முத்தாயி அப்போதுதான் ஒரு ஜோடி மாலை முடித்திருந்தாள். நாலு பேர் பார்த்தால் ஆர்டர் வருமே என்று நினைத்து, மாலையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள்.

பிள்ளைகள் மூன்று குழுவாக வந்தார்கள். கேள்வி எல்லாம் டேப்லெட்டிலேயே வரும், படித்துக் கேட்கவேண்டியது, பதிலைத் தட்டவேண்டியது, அவ்வளவுதான் வேலை. பெயர் என்ன, எப்போதிருந்து கடை, குடும்பத்தில் யார் உதவி செய்கிறார்கள். முதல் குழுவிடம், “புருஷன் கோவிந்தசாமி, ஜோகூர்ல லாரி ஓட்டுறாரு” என்றாள். இரண்டாவது குழு வந்து அதையே கேட்டது. “கோவிந்தசாமி கப்பல்ல இருக்காரு” என்றாள். மூன்றாவது குழு வந்தபோது மாலைக்கு ஆள் காத்திருந்தது, அவளுக்கு எரிச்சல். “கோவிந்தசாமி வீட்டுல படுத்துத் தூங்குறாரு, போங்க” என்று விரட்டினாள்.

“ஏண்டி, பிள்ளைங்ககிட்ட இப்படி அளக்குற?” என்றேன்.

“ஒரே கேள்விக்கு மூணு வாட்டி ஒரே பதில் சொல்ல நான் என்ன டேப்ரெக்கார்டரா?”

சொன்ன மூன்றும் பொய். மூன்றிலும் அந்தப் பெயரை மட்டும் அவள் மாற்றவில்லை. அங்கேதான் வினை பிடித்தது.

அடுத்து வகுப்பில் நடந்ததை அந்த ஆசிரியையே பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டேன். வெப்சைட்டில் முத்தாயியின் படத்தைத் தொட்டால் மூன்று குழு, மூன்று பதில். விட்டுத் தொலைத்திருக்கலாம் இல்லையா? மோகனப்பிரியாவுக்குக் கண் மின்னியிருக்கிறது. இதையே பாடமாக்கிவிட்டாள். ‘மூன்று ஆதாரங்கள் ஒத்துப்போகவில்லை. மற்ற வெப்சைட்டுகளில் தேடி, எது உண்மை என்று கண்டுபிடியுங்கள்.’ இளமதி என்று ஒரு சிறுமி பெயர்களைத் தமிழிலேயே தட்டித் தேடியிருக்கிறாள். வந்து விழுந்தது ஒரு நினைவஞ்சலி. ஜோகூரில் இருக்கும் கோவிந்தசாமியின் தம்பி பத்தாம் ஆண்டு நினைவுக்குப் போட்ட விளம்பரம். நம் ஆட்கள் இருக்கிறார்களே, செத்தவருக்கு ஒரு விளம்பரம் போட்டால் உயிரோடு இருக்கும் அத்தனை பேர் பெயரையும் கீழே வரிசையாகப் போட்டால்தான் தூக்கம் வரும். ‘அன்பு மனைவி முத்தாயி’ என்பது முதல் பெயர். போதாததற்கு மூலையில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த பழைய கல்யாணப் படம். மூக்கும் அதே மூக்கு, முன்பல்லும் அதே பல்.

வகுப்பு முழுக்கக் கை தட்டியதாம். பொய்யான மூன்று பதிலையும் அழித்துவிட்டு, மாலையோடு சிரிக்கும் படத்துக்குக் கீழே ‘கணவர் இறந்துவிட்டார்’ என்று எழுதி, பக்கத்தில் பச்சை டிக் போட்டு ‘வெரிஃபைட்’ என்று போட்டார்கள். பெருமை தாங்காமல் அந்தப் பக்கத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினாள் மகராசி. அந்தக் குழுவில் ஒருத்தி, அடுத்த வாரம் கல்யாணம் ஆகப்போகிற ஒரு மாப்பிள்ளையின் அக்கா.

அந்தக் கல்யாணத்துக்கு மாலை கட்ட ஒப்புக்கொண்டவள் முத்தாயி. பிளவுஸ் தைக்க ஒப்புக்கொண்டவள் நான். பெண்ணின் அம்மா, தோ பாயோவிலிருந்து வந்த தனபாக்கியம். ஆர்டர் கொடுக்க வந்த அன்றே அவளை நான் கவனித்திருந்தேன். தலையில் பூ இல்லை. முன்பணத்தைத் தன் கையால் கொடுக்காமல் கூட வந்த அண்ணியிடம் கொடுத்து, “நல்ல காரியம், நீங்க குடுங்க அண்ணி” என்று பின்னால் ஒதுங்கி நின்றாள். மகள் வைஷாலிக்குச் சிவப்புப் பட்டு பிளவுஸ். தனக்கு ஒரு சாம்பல் நிறம். “ஜரிகை எல்லாம் வேணாம். சாதாரணமா இருந்தா போதும்” என்றாள். மகளின் கல்யாணத்துக்கு யாராவது சாம்பல் நிறத்தில் தைப்பார்களா?

அந்தத் தனபாக்கியம்தான் ஒரு காலையில் தனியாக வந்து நின்றாள். கையில் போன்.

“முத்தாயி, தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தவர்கள் வாயிலிருந்து நல்லது வந்து நான் கேட்டதே இல்லை.

“மாப்பிள்ளை வீட்டுல இதைப் பாத்துட்டாங்க. மாலைய வேற கையால கட்டிக்கணும்னு ஒரே பிடியா நிக்கிறாங்கலா. நான் என்ன பண்ணட்டும்? முன்பணம் திருப்பி வேணாம், நீங்களே வச்சுக்குங்க.”

போனை நீட்டினாள். முத்தாயி பார்த்தாள். தன் படம், தன் சிரிப்பு, பச்சை டிக். எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரை கையிலிருந்த நாரை விடவில்லை. அவள் கத்தப் போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“உங்க வீட்டுக்காரரு போய் எத்தனை வருஷம்?” என்று கேட்டாள்.

தனபாக்கியத்தின் முகம் சுருங்கியது. “ரெண்டு.”

“மக கழுத்துல தாலி ஏறுறப்ப நீங்க எங்க நிப்பீங்க?”

“அண்ணனும் அண்ணியும் தாரை வாத்துக் குடுப்பாங்க. நான் பின்னால, சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்குவேன்.”

“பொண்ணைப் பெத்தது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அதையும் வேற கையால பெத்திருக்க வேண்டியதுதானே?”

தனபாக்கியம் நீட்டிய போனை இழுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். “அப்படியே பிளவுஸையும் வேற கையால தைச்சுக்குங்க. என் புருஷன் உசுரோட இருக்கான்தான். பீரும் சிகரெட்டுமா கிடக்குறான், ஒரு காசு சம்பாதிக்கிறதில்ல. அவன் மூச்சு விடுறான்னு என் ஊசிக்கு ராசி வந்துருச்சா? தூ!” என்றேன். மளிகைக் கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் வெளியே எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தனபாக்கியம் கிளம்பிப் போய்விட்டாள்.

செய்தி தெருவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கல்யாண ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக ஏதோ சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். சாமிக்கு முழம் வாங்குகிறவர்கள்கூட ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். முத்தாயி மறுநாளும் வந்தாள். குங்குமம் அப்படியே இருந்தது, தலையில் பூவும் இருந்தது. போன் மட்டும் பைக்குள்ளேயே கிடந்தது. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கை தன்னால் பையைத் தேடிப் போகும், பாதியில் திரும்பி வந்துவிடும். யாரிடம் பேசுவாள்? அவர் செத்துப்போனது தெருவுக்கே தெரிந்துவிட்டதே. என் விசிறியை அவள் பக்கம் நானே திருப்பி வைத்தேன். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, வந்த கோபத்தில் ஒரு பிளவுஸின் கையைத் தலைகீழாகத் தைத்து வைத்தேன்.

நாலு நாள் கழித்து ஆசிரியை வந்தாள், கையில் கேக் பெட்டி, பக்கத்தில் இளமதி. ஆர்டர்கள் போன செய்தி அவள் காதுக்கும் எட்டியிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் அப்போதுதான் சொன்னாள்.

“அந்தப் பேஜை எடுத்துட்டேன் ஆன்டி. ரியலி சாரி. ஆதாரத்தை எப்படிச் சரிபாக்குறதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தான்...”

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க” என்று நான் பாய்ந்தேன். “பேரைச் சரிபாத்தீங்க, போட்டோவைச் சரிபாத்தீங்க. போட்டா இவ சோத்துல மண்ணு விழுமான்னு சரிபாத்தீங்களா? கேக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

முத்தாயி என்னைக் கையமர்த்திவிட்டு அந்தச் சிறுமியைப் பார்த்தாள். “நீதான் கண்டுபிடிச்சியா?”

“ஆமா. அது தமிழ்ல இருந்துச்சு. எங்க குரூப்ல எனக்கு மட்டும்தான் ஃபாஸ்டா படிக்க வரும்” என்றாள் இளமதி. பிறகு, “நீங்க ஏன் ஆன்டி பொய் சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“செத்துட்டாருன்னு சொன்னா மாலை விக்காது.”

“ஏன்?”

ஆசிரியை தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நூலைக் கோக்கிறவள்போலக் குனிந்துகொண்டேன்.

“அது எந்த வெப்சைட்டுல இருக்குன்னு நீயே தேடிப் பாரு” என்றாள் முத்தாயி. பிறகு ஆசிரியையிடம் திரும்பினாள். “எடுத்ததைத் திரும்பப் போடு.”

“ஆன்டி?”

“போடுங்குறேன். எடுத்துட்டா என்னமோ நான் களவாணித்தனம் பண்ணி மாட்டிக்கிட்டு மறைச்ச மாதிரி ஆயிடும். போட்டோ அதே போட்டோ இருக்கட்டும். எழுத்தை மட்டும் நான் சொல்றேன். பாப்பா, அந்தப் பலகையை எடு.”

இளமதி டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் ஸ்டூலில். நான் நின்றுகொண்டேன். முத்தாயி சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை தன் பள்ளிக்கூடத் தமிழில் அதைத் திருத்தித் தட்டியது.

‘என் பெயர் முத்தாயி. நான் பூ கட்டுகிறேன். என் கணவர் கோவிந்தசாமி லாரி ஓட்டினார். அவர் இறந்துவிட்டார். நான் கல்யாண மாலை கட்டுவேன். என் கை பிடிக்காதவர்கள் வரவேண்டாம்.’

“கடைசி லைன் கொஞ்சம் ரூடா இருக்கே ஆன்டி” என்றாள் ஆசிரியை.

“இருக்கட்டும்.”

“‘தயவுசெய்து’ போடவா?” என்று கேட்டாள் இளமதி.

“வேணாம்.”

அப்படியே வந்தது. அதைப் படித்துவிட்டு ஓடிவந்து ஆர்டர் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அப்படி நடந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

வைஷாலியின் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தனபாக்கியம் மறுபடி வந்தாள். அன்றைக்கு நான் திட்டிய திட்டுக்கு அவள் வேறு தையல்காரியிடம் போயிருக்கவேண்டும். ஆனால் துணி என்னிடம் இருந்தது. தைத்தும் வைத்திருந்தேன், துணிமேல் என்ன கோபம்? சிவப்பையும் சாம்பலையும் பையில் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். போவாள் என்று பார்த்தால் பூ மேசைப் பக்கம் திரும்பி நின்றாள். முத்தாயி ஒரு வாடிக்கையாளருக்குச் சாமிப் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

“என் மக எனக்கு அதைப் படிச்சுக் காட்டினா” என்றாள் தனபாக்கியம்.

முத்தாயி நிமிரவில்லை. “என்ன வேணும்?”

“ஒரு முழம் மல்லி.”

“பொண்ணுக்குத்தான் வேற எடத்துல சொல்லியாச்சே?”

“பொண்ணுக்கு இல்ல. எனக்கு.”

முத்தாயியின் கை நின்றது. தனபாக்கியத்தின் நெற்றியை, பூ இல்லாத கொண்டையை நிதானமாகப் பார்த்தாள்.

“நாளைக்கு மேடைக்கு வச்சுக்கிட்டுப் போவியா?” ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டதை அவர்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“தெரியல. இப்ப வச்சுக்கிறேன்.”

முத்தாயி பந்திலிருந்து இழுத்து முழங்கை வரை அளந்து, இன்னும் ஒரு கை கூட்டி அறுத்துக் கொடுத்தாள். காசு கேட்டு வாங்கிக்கொண்டாள், சும்மா கொடுக்கவில்லை. தனபாக்கியம் பூவைத் தலைக்குக் கொண்டுபோனாள், அது நழுவித் தோளில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. கொண்டை ஊசி வைத்துக்கொள்ளும் பழக்கமே விட்டுப்போயிருந்தது அவளுக்கு. என்னைப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் அப்போதும் தீரவில்லை. இருந்தாலும் என் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, “குனிங்க” என்று அதட்டி, நானே செருகிவிட்டேன். என் கொண்டை ஒரு பக்கம் சரிந்தது.

அவள் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நடந்தாள். கூட்டத்தில் அந்த வெள்ளை மட்டும் திருப்பம் வரை தெரிந்தது. கழற்றிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கழற்றவில்லை.

திரும்பினால் முத்தாயி பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தாள். தெருவே பார்க்க, சாமிப் பூவுக்கு ஆள் காத்து நிற்க, காதில் வைத்துக்கொண்டாள்.

“ஏய்யா, கேட்டியா? அந்தத் தோ பாயோக்காரி பூ வச்சுக்கிட்டுப் போறா. ஆமா... ஆமாங்குறேன்! சரி, நீ சாப்பிட்டியா?”

பூவுக்கு நின்ற அம்மாளுக்கு விஷயம் தெரியும் போல. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன பாக்குறீங்க?” என்றேன். “புருஷன்கிட்ட பேசிக்கிட்டிருக்கா. முடியட்டும், இருங்க.”